மாலை நேர வேலையும் 75 விழுக்காடு வருகையும்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அனுபவக் கணக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான்; அரசு அலுவலகத் தாள்களில் மட்டும் மலையாளம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, 2022ஆம் ஆண்டு சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, எங்கள் தாலுகாவின் தலைநகரான சித்தூர். படித்துக்கொண்டே வேலை பார்ப்பது பற்றி எனக்கு அறிவுரை சொல்ல வீட்டில் யாரும் இல்லை. கல்லூரிக்குப் போன முதல் ஆளே நான்தான். அடுத்து இந்தப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள், எனக்கு நேர்ந்ததை ரூபாய் கணக்கோடு தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அப்பா தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். மழைக்காலத்தில் அந்த வேலை பாதியாகக் குறைந்துவிடும். கல்லூரிக் கட்டணம் பெரிய பாரமாக இல்லை. பாடநூல், தேர்வுக் கட்டணம், கைப்பேசி ரீசார்ஜ், தங்கையின் சீருடை என்று சில்லறையாக வருகிற செலவுகள்தான் வீட்டை நெருக்கின. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை எனக்குக் கிடைத்திருந்தது. தத்தம் கல்வி வாரியத்தில் மேல்நிலையில் இருக்கும் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் திட்டம் அது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அந்தப் பணம் ஆண்டில் ஒருமுறை மொத்தமாக வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாதாமாதம் கைக்கு ஏதாவது வந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், 2023 ஜூலையில், வேலை தேடினேன்.

பாலக்காட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் 'பகுதி நேரப் பணிக்குப் பெண்கள் தேவை' என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டபோது மாலை நாலரை மணி முதல் எட்டரை மணி வரை, நாளுக்கு 250 ரூபாய், ஞாயிறு வந்தால் தனிக் கூலி என்றார் மேலாளர். எதுவும் எழுத்தில் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழின் அசலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கல்லூரியில் இருக்கிறது என்று சொல்லி நகலை மட்டும் கொடுத்தேன். வயதுக்கும் பெயருக்கும் கேரளத்தில் எல்லா இடத்திலும் கேட்கும் தாள் அது, அதை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது என்று அம்மா எப்போதோ சொன்னது அன்றைக்குக் கைகொடுத்தது. முதல் மாதச் சம்பளத்தில் 15 நாள் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேலையை விடும்போது தருவோம் என்றார்கள். அது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

250 ரூபாய் என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பணத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது என்பதை முதல் வாரமே கணக்கிட்டிருக்கலாம். அப்படிக் கணக்கிட வேண்டும் என்றே தோன்றவில்லை. கேரளத்தில் தனியார் பேருந்துகளில் மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 1 ரூபாய், மற்றவர்களுக்கு 2022 மே மாதத்திலிருந்து 10 ரூபாய். ஆனால் மாணவர் சலுகை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட வழிக்கு மட்டும்தான். சித்தூரிலிருந்து பாலக்காட்டுக்குக் கடைக்குப் போவதற்கும், இரவு பாலக்காட்டிலிருந்து ஊருக்குத் திரும்புவதற்கும் முழு டிக்கெட். இரண்டும் சேர்ந்து 50 ரூபாய் ஆனது. மதியம் சாப்பிட்ட சோற்றோடு இரவு பத்து மணி வரை நிற்க முடியாது என்பதால் ஒரு டீயும் ஏதாவது ஒரு பலகாரமும் என்று 30 ரூபாய். மிஞ்சியது 170. நேரத்தைப் பார்த்தால் கடையில் நாலு மணி நேரம். அந்த வேலைக்காகவே பேருந்திலும் நிறுத்தத்திலும் கழிந்தது இரண்டரை மணி நேரம். ஆறரை மணி நேரத்துக்கு 170 ரூபாய் என்றால் மணிக்கு 26 ரூபாய். யாராவது நாள்கூலி சொன்னால் பேருந்துக் கட்டணத்தையும் வழியில் சாப்பிடும் செலவையும் கழித்து, வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரையுள்ள நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் வேலை, பாலக்காட்டில் கிடைக்கும் வேலையைவிட மேல் என்பது பல நேரங்களில் அந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

வேலை கடினமா என்றால், புடவையை எடுத்துப் போடுவதும் மடிப்பதும் கடினமில்லை. நிற்பதுதான் கடினம். காலை எட்டு மணிக்குப் பேருந்தில் நின்று, பகலெல்லாம் வகுப்பில் இருந்து, மாலையில் மறுபடி நாலு மணி நேரம் நின்றால் இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். எங்கள் தளத்தில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கேரளத்தில் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக, 1960ஆம் ஆண்டுக் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தமிழ்நாடும் 2021இல் அதே போன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. எங்கள் தளத்தைப் பார்த்துக்கொண்ட சேச்சி ஒருவர் இருபது வருடமாக அந்தத் துறையில் இருப்பவர். அவருக்கு இந்தச் சட்டம் தெரியும், ஆனால் ஸ்டூல் கேட்டவர்களுக்கு மறுமாதம் வேலை இருக்காது என்பதும் தெரியும் என்றார். மாலை நேரத்துக்கு மட்டும் வந்து போகும் என்னைப் போன்றவர்கள் அவரை விடவும் எளிதாக வெளியேற்றப்படக் கூடியவர்கள். ஆகவே சட்டம் கையில் இருக்கிறது என்ற துணிவில் வேலைக்குச் சேராதீர்கள். சேரும் முன்பு ஒருமுறை வாடிக்கையாளராக உள்ளே போய், பெண்கள் எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கடையைப் பற்றி அதைவிடத் தெளிவாக எந்த மேலாளரும் சொல்ல மாட்டார்.

அந்த வருடம் திருவோணம் ஆகஸ்ட் 29. ஓணம் வரும் சிங்ஙம் மாதம் (நம் ஆவணி) பிறப்பதற்கு முன்பே கூட்டம் தொடங்கிவிட்டது. நாலரை மணி என்பது நாலு மணி ஆயிற்று, பிறகு மதியம் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடு என்றாயிற்று. எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டிய நான் கடை ஷட்டர் இறங்கும் வரை நின்றேன். கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்டால், "ஓணம் கழியட்டே மோளே" என்பார் மேலாளர், மிகவும் அன்பாகத்தான் சொல்வார். சட்டப்படி பெண்களை இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் சம்மதம் இல்லாமல் வேலை வாங்கக்கூடாது. சம்மதித்தாலும் குழுவாகத்தான் வேலை இருக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்ப வாகன வசதி செய்ய வேண்டும். எனக்குக் கிடைத்த வாகனம் ஒன்பதே முக்கால் மணிப் பேருந்து. கொழிஞ்சாம்பாறையில் இறங்கும்போது கடைகள் மூடியிருக்கும். பக்கத்து வீட்டு அண்ணனின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு அப்பா காத்திருப்பார். விடியலில் தோப்புக்குப் போக வேண்டிய மனிதர் எனக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நிற்பது, கால் வலியைவிட எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அந்த நேரத்துக்கான விலையை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

ஓணம் கழிந்தது. கூட்டம் குறைந்தது, என் வேலை நேரம் மட்டும் பழையபடி ஆகவில்லை. முழு நேரப் பணியாளர்கள் இருவர் ஓணப் பண வரவோடு வேலையை விட்டிருந்தார்கள், அவர்கள் இடத்தை மாலை நேரப் பெண்களை வைத்தே ஓட்டினார்கள். இன்று மதியம் வா, நாளை நாலு மணிக்கு வா என்று காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வரும். மதியம் போன நாளெல்லாம் எனக்குப் பிற்பகல் வகுப்பு போயிற்று. எங்கள் துறையில் பிற்பகலில் ஒரு வகுப்பு விட்டாலும் அரை நாள் கழிந்துவிடும். படிப்போடு ஒத்துப்போகும் வேலை எது என்று இப்போது யார் கேட்டாலும், எத்தனை மணி நேரம் என்று நான் முதலில் கேட்பதில்லை. அந்த நேரத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். வாரம் இருபது மணி நேரம் வேலை செய்தாலும், எந்த இருபது மணி என்பது மாறாமல் இருந்தால் படித்துவிடலாம். பத்து மணி நேர வேலையே ஆனாலும், அது எப்போது வரும் என்று அன்றன்று காலையில்தான் தெரியும் என்றால் ஒரு செமஸ்டரையே அது தின்றுவிடும்.

நவம்பரில் தேர்வுக்கு முன்பு வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். 75 விழுக்காடு வேண்டிய இடத்தில் நான் அறுபதைச் சற்றே தாண்டியிருந்தேன். பற்றாக்குறையை மன்னிக்கக் கோரி விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, துறைத்தலைவரின் கையெழுத்துக்காக நின்றபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "வேலைக்குப் போறேன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா, வேற வழி பார்த்திருப்போம்" என்றார். தேர்வு எழுத விட்டார்கள். அகமதிப்பீட்டில் வருகைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் எல்லாத் தாளிலும் சில மதிப்பெண் குறைந்தது, அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது அடுத்த ஆண்டு வந்தது. அந்த மத்திய உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணோடு 75 விழுக்காடு வருகையும் கட்டாயம். தேர்வு எழுத அனுமதி கிடைத்துவிட்டதால் வருகைச் சிக்கல் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான்காம் செமஸ்டரில் ஒழுங்காக வகுப்புக்குப் போயும் ஆண்டுக் கணக்கு 75ஐ எட்டவில்லை. கல்லூரிச் சரிபார்ப்பிலேயே என் விண்ணப்பம் நின்றுபோயிற்று, மூன்றாம் ஆண்டுக்கான 12,000 ரூபாய் வரவில்லை.

அன்றைக்கு இரவு கணக்கு எழுதிப் பார்த்தேன். ஜூலை முதல் நவம்பர் வரை கடையில் நின்றதற்கு எல்லாச் செலவும் போகக் கையில் சேர்ந்தது 13,000 ரூபாயை ஒட்டி. அதில் 12,000 உதவித்தொகையோடு போயிற்று. மன்னிப்புக் கட்டணத்தையும் கழித்தால் ஐந்து மாத மாலைகளுக்கு மிச்சம் ஆயிரம் ரூபாய்கூட இல்லை. உதவித்தொகை எதுவாக இருந்தாலும், வேலைக்குச் சேரும் முன்பு அதன் புதுப்பிப்பு விதியை எடுத்து வாசித்து, வருகை என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகையைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும். உங்களுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பணத்தை ஆபத்தில் வைத்துச் சம்பாதிக்கும் பணம் வருமானமே ஆகாது.

கடையை விட்ட கதை தனி. தேர்வுக்காக டிசம்பர் முதல் வர முடியாது என்று சொன்னதும் அன்பு குறைந்தது. பிடித்து வைத்த 15 நாள் கூலி 3,750 ரூபாயைக் கேட்டதற்கு, கணக்கர் ஊரில் இல்லை, அடுத்த மாதம் வா, ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். ஒவ்வொரு முறை போய் வருவதற்கும் பேருந்துக்குப் பணம் ஆனது. கடைசியில், முன்பு அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா, ஏ.எல்.ஓ. என்று எல்லோரும் சொல்லும் உதவித் தொழிலாளர் அலுவலரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளும் என்னிடம் இல்லை. இருந்தவை, மதியம் வா என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளும், சம்பளம் கணக்கில் விழுந்த குறுஞ்செய்திகளும், வருகைப் பதிவேட்டில் என் பெயர் இருந்த பக்கத்தை ஒருநாள் விளையாட்டாக எடுத்த ஒரு படமும். அவையே போதுமாக இருந்தன. ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதிக் கொடுத்தேன், கட்டணம் எதுவும் இல்லை. அலுவலகத்திலிருந்து கடைக்குப் பேசினார்கள். சீருடைக்கு என்று 750 ரூபாயைக் கழித்துக்கொண்டு 3,000 ரூபாயைக் கொடுத்தார்கள். மீதிக்கும் மனு போடலாம் என்றார் அலுவலர். 750 ரூபாய்க்காக இன்னும் சில பிற்பகல் வகுப்புகளை விடுவதா என்று யோசித்து விட்டுவிட்டேன்; அது சரியான முடிவுதான் என்று இன்றும் நினைக்கிறேன். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், வேலையை விட்டவருக்குச் சேர வேண்டியதை 2 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிடித்து வைப்பது வழக்கம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால், வேலைக்குச் சேர்ந்த நாள், பேசிய கூலி, பிடித்த தொகை மூன்றையும் குறிப்பிட்டு மேலாளருக்கே மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள்: 'சார், இன்று முதல் வேலைக்கு வருகிறேன், நாள் கூலி 250 என்று சொன்னீர்கள், நன்றி' என்று. அவர் 'சரி' என்று பதில் போட்டால் அதுவே உங்கள் பணி ஆணை.

கடை வேலை போனதும், பேருந்தே ஏற வேண்டாத வேலையாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்தபடியே படிவம் நிரப்பும் வேலை என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்தது. பதிவுக் கட்டணம் 1,200 ரூபாய், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவோம் என்றார்கள். ஒரு நீண்ட ஆங்கில ஒப்பந்தத்தை அனுப்பி ஆதார் எண்ணோடு மின்னணுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு வந்தது படிவங்களின் மங்கலான படங்கள். அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும், ஐந்து நாள் கெடு, நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும். எழுத்து எட்டா ஒன்பதா என்றே தெரியாத படத்தைப் பார்த்து யாராலும் 95 எடுக்க முடியாது. அதற்காகவே அப்படி அனுப்புகிறார்கள். இரவெல்லாம் விழித்து முடித்து அனுப்பிய மறுநாள், துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 5,800 ரூபாய் கட்டினால் கோப்பை மூடுவோம் என்று செய்தி. கட்டவில்லை என்றதும் வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இந்தியில் பேசினார். அடுத்து சிங்க முத்திரை போட்ட ஒரு 'நோட்டீஸ்' வாட்ஸ்அப்பில் வந்தது. என் பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தன. போலீஸ் வீட்டுக்கு வரும் என்று எழுதியிருந்தது. பொங்கல் விடுமுறையில் நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்துக் காய்ச்சல் என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தாலுகா சட்டப் பணிகள் குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை வணிகச் சட்டம் எடுத்த ஆசிரியை ஒருமுறை வகுப்பில் சொல்லியிருந்தார். அங்கே இருந்த வழக்கறிஞர் அக்கா அந்த நோட்டீஸைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நோட்டீஸ் அனுப்பியதாலேயே வழக்கு ஆகிவிடாது, 5,800 ரூபாய்க்காக யாரும் உன்னைத் தேடி இவ்வளவு தூரம் வரப்போவதில்லை, பணம் கொடுத்தால்தான் மறுபடி மறுபடி கேட்பார்கள் என்றார். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை அபராதமாக எழுதி வைத்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் தராது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவையும் காட்டினார். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பிரிவுதான் அது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் அழைத்தது வாரங்கள் கழித்து, ஆகவே 1,200 ரூபாய் போனது போனதுதான். எண்ணைத் தடுத்து வைத்த பிறகு இன்று வரை எந்தப் போலீஸும் வரவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் 15100 என்ற தேசியச் சட்டப் பணிகள் எண்ணை அழையுங்கள், அல்லது உங்கள் தாலுகா நீதிமன்றத்துக்கு நேரே போங்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொஞ்ச நாள் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம் என்று கேட்பவர்கள் இதைவிட மோசம். அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போகும், முதலில் போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

பொள்ளாச்சிக்குப் போகலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது. எல்லையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மொழிச் சிக்கலும் இல்லை. ஆனால் அங்கே ஜவுளிக்கடைகளுக்கு ஆள் தேவைப்படுவது தீபாவளிக்கு. அந்த வாரங்களில்தான் எங்களுக்குச் செமஸ்டர் தேர்வு நெருங்கும். கேரளக் கல்லூரியில் படித்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கடையில் வேலை பார்த்தால் இரண்டு நாட்காட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டும். கடை வேலைதான் வேண்டும் என்றால், ஓணம் விடுமுறை நாட்களில் மட்டும் முழு நேரப் பருவ வேலையாகப் போவது நல்லது. அந்த நாட்களில் கல்லூரி இல்லை, வருகை போகாது, கடைக்கும் ஆள் தேவை மிகுதி என்பதால் கூலியைப் பேசவும் முடியும். விடுமுறை முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் தோழிகளோடு கேட்டரிங் வேலைக்குப் போனேன். கேரளத்தில் படிக்கும் பிள்ளைகள் பாதிப்பேர் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சத்யை என்னும் இலைச் சாப்பாட்டு விருந்து பரிமாறியிருப்பார்கள். கறுப்புக் கால்சட்டையும் ஷூவும் நம் செலவு. ஒரு பகல் பந்திக்கு 500 ரூபாயும் சாப்பாடும், பந்தி முடிந்ததும் கையிலேயே காசு. எனக்கு அதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். சாம்பார் வாளியோடு நாலு வரிசை நடந்தால் தோள் இறங்கிவிடும், பாயசம் ஊற்றும்போது கை நடுங்கினால் புடவையில் படும், வசவு கிடைக்கும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், மறுநாள் வகுப்பில் இருக்கலாம். ஆள் சேர்க்கும் அண்ணனிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டேன்: பகல் சத்யைக்கு மட்டும் வருவேன், கல்யாணத்துக்கு முந்தைய நாள் இரவு விருந்துக்கு வரமாட்டேன். பகல் பந்தி மூன்று மணிக்குள் அடங்கிவிடும், வெளிச்சத்தில் வீடு வந்துவிடலாம். இரவு விருந்து எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த வேலையை நம்பி மாதச் செலவைத் திட்டமிட முடியாது என்பது இதன் குறை. கர்க்கடகத்தில் (நம் ஆடியில்) ஒரு கல்யாணமும் இருக்காது, சிங்ஙம் பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. 2024 செப்டம்பர் 8, சிங்ஙத்து ஞாயிறு, அன்று குருவாயூர்க் கோயிலில் மட்டும் 300க்கு மேற்பட்ட திருமணங்கள் நடந்தன. எங்கள் பக்கத்து மண்டபங்களிலும் அன்றைக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள்.

நிலையாக நின்றது டியூஷன். இதைத் தேடி நான் போகவில்லை. எதிர்வீட்டு அக்காவின் மகன் ஐந்தாம் வகுப்பு, தமிழ் வழி. மலையாளப் பாடத்தில் திணறிக்கொண்டிருந்தான். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியிருந்தது, எங்கள் தெருவில் தாய் தகப்பன்களுக்கு அந்த எழுத்தே தெரியாது. பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஆகத் தமிழும் மலையாளமும் தெரிந்த கல்லூரிப் பிள்ளைக்கு எல்லையோரத்தில் மட்டுமே இருக்கும் ஒரு வேலை அது. "கண்ணு, இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன், சும்மா வேண்டாம், மாசம் ஏதாச்சும் தர்றேன்" என்றார் அந்த அக்கா. ஒருவன் இரண்டு மாதத்தில் எட்டுப் பேர் ஆனான். தலைக்கு 500, மாதம் 4,000 ரூபாய். மாலை ஆறு முதல் ஏழரை வரை, வாரத்தில் ஐந்து நாள், எங்கள் வீட்டுத் திண்ணையில். தயாரிப்புக்கு ஆகும் அரை மணியையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 90 ரூபாய் வருகிறது, ஜவுளிக்கடையில் 26 ரூபாய் வந்த அதே நான்தான். நேரத்தை வைத்தது நான் என்பதால், எனக்குத் தேர்வு வந்தபோது சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. தெரிந்தவர்களிடம் பணம் கேட்பது எளிதல்ல. தேதி 20 ஆனாலும் சிலர் வாயே திறக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் 5ஆம் தேதிக்குள் முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்று மூன்றாம் மாதம் ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். ஒருவர் பிள்ளையை நிறுத்திக்கொண்டார், மற்றவர்கள் கொடுத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி இல்லை, வருமானமும் இல்லை. அந்த மாதங்களில்தான் கல்யாணங்கள் மிகுதி என்பதால் கேட்டரிங் அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பியது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வும் என் செமஸ்டர் வேலைகளும் ஒன்றாக நெருங்கும், அந்த நேரத்தில் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்பது பட்டுத் தெரிந்தது. 2025இல் பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்புக்குப் போனபோது, திண்ணையையும் பிள்ளைகளையும் எங்கள் தெருவிலிருந்து பி.ஏ. படிக்கும் ஒரு தங்கையிடம் ஒப்படைத்தேன். மூன்று தாய்மார்களிடம் அவளை நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்தி, 5ஆம் தேதி விஷயத்தையும் அவள் எதிரிலேயே சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அவளிடம் பதினொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைக்கு 600 ஆக்கியிருக்கிறாள்.